இன்னொரு பாட்டில் ஏற்றலாமா?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் சற்றுத் தூரம் போனால் செம்பரம்பாக்கம் ஏரி. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்று அதில் எத்தனை அடி நீர் நிற்கிறது, நேற்று எவ்வளவு வந்தது, எவ்வளவு திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் மழைக்காலத்தில் காலைச் செய்தித்தாளிலேயே வந்துவிடும். மனித உடம்பு அவ்வளவு வெளிப்படையானது அல்ல. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே இருக்கிறது, நெஞ்சு வலித்தால் ஈசிஜி இருக்கிறது, சர்க்கரையைப் பார்க்க விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். ‘இவர் உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை ஓர் அளவுகோல் கிடைக்கவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் நாள் முழுவதும் கேட்கப்படும் கேள்வியும் அதுதான்.

மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். மூவரும் கற்பனை மனிதர்கள். ஆனால் சென்னையின் மேற்குப் புறநகரில் எந்த மருத்துவமனை வாசலிலும் இப்படிப்பட்டவர்கள் வந்து இறங்குவார்கள். முதலாமவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படப் பட்டறைத் தொழிலாளி. மே மாதம், உலைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றவர், மாலையில் கால் நரம்பு இழுத்துக்கொண்டு தலை சுற்றி விழுந்துவிட்டார். அடுத்தது ஆவடியிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுமி. நான்கு நாள் காய்ச்சல் அன்று காலையில்தான் விட்டிருக்கிறது. ‘காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா சோர்ந்து சோர்ந்து படுத்துக்கறா’ என்கிறார் அம்மா. மூன்றாமவர் பூந்தமல்லிக்காரர், அறுபத்தைந்து வயது, இரண்டு வருடம் முன்பு மாரடைப்பு வந்தவர். நீர் மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. காலில் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்குகிறது.

தொழிலாளிக்கும் இதய நோயாளிக்கும் ரத்த அழுத்தம் 90/60, சிறுமிக்கு 90/72. மூவருக்கும் நாடி 120ஐ ஒட்டி ஓடுகிறது. கை சில்லிட்டிருக்கிறது. மூவருடன் வந்தவர்களும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: ‘ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்.’

ஒருவருக்கு அந்தப் பாட்டில் வேண்டும், ஒன்றுக்கு மேலும் வேண்டியிருக்கலாம். ஒருவருக்கு அளந்து அளந்து, மணிக்கு மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒருவரை அதே பாட்டில் விடிவதற்குள் வென்டிலேட்டரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வாசலில் எடுத்த எண்கள் அவர்களைப் பிரித்துக் காட்டவில்லை என்பதுதான் சிக்கல்.

நீர் உடம்பில் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் சுமார் 36 லிட்டர் நீர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 லிட்டர், செல்களுக்குள்ளேயே இருக்கிறது. மீதி 12 லிட்டரில் ஒன்பது லிட்டர் செல்களுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் இடைப்பட்ட திசுக்களில் ஊறி நிற்கிறது. குழாய்களுக்குள் ஓடும் பிளாஸ்மா வெறும் மூன்று லிட்டர். ரத்த அழுத்தம், நாடி, சிறுநீர், மூளைக்குப் போகும் ஆக்சிஜன் எல்லாம் அந்த மூன்று லிட்டரை நம்பித்தான் இருக்கின்றன. அதிலும் பெரும்பகுதி சிரைகளில் சாவகாசமாகக் கிடக்கிறது. இதயத்துக்குத் திரும்பி வந்து அதை நிரப்புவது அதில் ஒரு பகுதிதான்.

ஆகவே ‘நீர் இருக்கிறதா’ என்ற கேள்வியே குறையுள்ளது. பூந்தமல்லிக்காரரின் காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது. திசுக்களில் ஐந்தாறு லிட்டர் அதிகமாக நிற்கிறது. நம் சிறுமியின் உடம்பிலிருந்து ஒரு சொட்டு நீர்கூட வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், குழாய்ச் சுவர் கசிவதால் பிளாஸ்மா வயிற்றுக்கும் நுரையீரல் உறைக்கும் போய்விட்டது. உடம்பில் நீர் இருக்கிறது, குழாயில் இல்லை. அவளைத் தராசில் நிறுத்தினால் எடை குறைந்திருக்காது, கூடியும் இருக்கலாம்.

இனி அந்தப் பாட்டில். ‘குளுக்கோஸ் ஏத்துறது’ என்பது நம் ஊரில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. தெருமுனை கிளினிக்கில் அரை லிட்டர் ஏற்றிக்கொண்டு வந்தால் தெம்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் உண்டு. ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை, 100 கலோரி. இரண்டு இட்லி தருவதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சர்க்கரையைச் செல்கள் எடுத்துக்கொண்டதும் மிஞ்சும் வெறும் நீர் உடம்பின் 36 லிட்டர் முழுவதும் பரவிவிடும். ரத்தக் குழாய்க்குள் தங்குவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 40 மி.லி. உப்பு நீரான சலைன் பரவாயில்லை. அது செல்களுக்குள் நுழையாது. ஆனாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதிலும் கால் பங்குதான் குழாயில் மிஞ்சும். மற்ற முக்கால் பங்கு திசுக்களுக்குப் போகும். காலுக்குப் போனால் வீக்கம், நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறல். ஏற்றப்படும் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு மருந்துதான். அதற்கும் அளவு உண்டு, வேகம் உண்டு, பக்க விளைவு உண்டு. மருந்துச் சீட்டில் அதை மருந்தாக எழுதும் பழக்கம்தான் இன்னும் முழுதாக வரவில்லை.

பாட்டிக்கும் தெரிந்த அடையாளங்கள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை? கண் குழி விழுவது, நாக்கு உலர்வது, தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்குவது. வயிற்றுப்போக்கு வந்த சிறு குழந்தைகளிடம் இவை நன்றாகவே வேலை செய்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறையே இவற்றின்மேல்தான் நிற்கிறது. பெரியவர்களிடம் கதை வேறு. 1999இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஸ்டீவன் மெக்கீயும் அவர் குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். பெரியவர்களிடம் தோலைக் கிள்ளிப் பார்ப்பதற்கு நிரூபிக்கப்பட்ட பயன் எதுவும் இல்லை. வயதானால் தோல் தானாகவே தளர்ந்துவிடுகிறது. அக்குள் உலர்ந்திருந்தால் நீரிழப்பு இருக்க வாய்ப்பு ஓரளவு கூடும் என்று கண்டார்கள். சென்னை மே மாதத்தில் உலர்ந்த அக்குளோடு ஒருவர் வந்தால் எந்த ஆய்வும் இல்லாமலே நான் கவலைப்படுவேன்.

அந்தக் கட்டுரையில் மறக்கக் கூடாத எண்கள் சில உண்டு. படுத்திருப்பவரை எழுப்பி நிறுத்தும்போது நாடி நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடினாலோ, நிற்கவே முடியாமல் தலை சுற்றினாலோ, அந்த அடையாளம் ஒரு லிட்டரை ஒட்டிய பெரும் ரத்த இழப்பில் நூற்றுக்கு 97 பேரைக் கண்டுபிடித்துவிடுகிறது. இழப்பு அரை லிட்டர் அளவில் இருந்தால் 22 பேர்தான் சிக்குகிறார்கள். படுத்த நிலையில் அழுத்தம் குறைந்திருப்பதை மட்டும் பார்த்தால் ஒரு லிட்டர் இழந்தவர்களிலும் மூன்றில் ஒருவரைத்தான் பிடிக்க முடியும். அழுத்தமானியில் ‘நார்மல்’ என்று வருவது நிம்மதிக்கான காரணம் அல்ல. உடம்பு கடைசி வரை ரத்த அழுத்தத்தை விட்டுக்கொடுக்காது. தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தத்தை நிறுத்தி, இதயத்தை விரட்டி, அந்த ஒற்றை எண்ணைக் காப்பாற்றும். நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டு வயிற்றுக்குள் ரத்தம் கசியும் இளைஞனுக்கு, மொத்த ரத்தத்தில் 30 சதவீதம் போகும்வரைகூட மேல் அழுத்தம் இறங்காமல் இருக்கலாம். அதனால்தான் நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. 1967இல் அல்கோவர், புர்ரி என்ற இருவர் சொன்ன கணக்கு இது. 0.5 முதல் 0.7 வரை இயல்பு, ஒன்றைத் தொட்டால் ஆபத்து. நம் மூவருக்கும் 120ஐ 90ஆல் வகுத்தால் 1.3. மூவரும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பதை அது சரியாகச் சொல்கிறது. ஏன் என்பதைச் சொல்வதில்லை.

மருத்துவம் இந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு நீண்ட காலம் ஒரு குழாயை நம்பியது. கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் வாசல்வரை குழாயைச் செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளப்பார்கள். அழுத்தம் குறைவென்றால் நீர் கொடு, கூடுதல் என்றால் நிறுத்து. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! 2001இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இமானுவல் ரிவர்ஸ் நடத்திய, 263 பேர் பங்கேற்ற ஆய்வு இந்த அழுத்தத்தை எட்டு முதல் பன்னிரண்டுக்குள் கொண்டுவருவதை ஓர் இலக்காக வைத்தது. செப்சிஸ் எனப்படும் கடும் கிருமித்தொற்றில் இறப்பு பெருமளவு குறைந்ததாகச் சொன்னது. உலகமே அதைப் பின்பற்றியது.

பிறகு 2008இல் பால் மாரிக் தன் சகாக்களுடன் 24 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தார். அந்த அழுத்தத்துக்கும் உண்மையான ரத்த அளவுக்கும் ஏறத்தாழ எந்தத் தொடர்பும் இல்லை. அடுத்த பாட்டிலால் பயன் வருமா என்பதை ஊகிக்கவும் அது உதவவில்லை, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். தொடர்பு நன்றாக இருப்பதாகக் காட்டிய ஒரே ஆய்வு பெண் குதிரைகளிடம் நடந்தது. நின்ற நிலையில் இருந்த குதிரைகளிடமிருந்து ரத்தத்தை எடுத்து எடுத்து அளந்திருந்தார்கள். மாரிக் தன் கட்டுரைத் தலைப்பிலேயே ஏழு பெண் குதிரைகளைச் சேர்த்துவிட்டார். மருத்துவ இதழ்களில் இவ்வளவு குறும்பான தலைப்பு அபூர்வம். 2014, 2015 ஆண்டுகளில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆகியவற்றை மையமாகக் கொண்டு நடந்த மூன்று பெரிய ஆய்வுகளும், சீக்கிரம் கண்டுபிடித்து சீக்கிரம் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால், அந்தக் குழாயும் இலக்கும் கூடுதலாக உயிர் எதையும் காப்பாற்றுவதில்லை என்று காட்டின.

எவ்வளவு நீர், எவ்வளவு வேகமாக என்ற கேள்வி சென்னையில் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு ஆவடி, திருவள்ளூர் என்று பல பக்கங்களிலிருந்தும் கடைசிக் கட்டத்தில் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அங்கே அவசர சிகிச்சையில் இருந்த டாக்டர் இந்துமதி சந்தானமும் அவர் குழுவினரும் செப்டிக் ஷாக்கில், அதாவது அந்தத் தொற்றால் ரத்த ஓட்டம் குன்றிய நிலையில், வந்த 147 பிள்ளைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு எடையில் கிலோவுக்கு 40 மி.லி. வீதம் பதினைந்தே நிமிடத்தில் நீர் கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு 20 மி.லி. வீதம் இருபது நிமிடத்தில், தேவைப்பட்டால் மீண்டும். அன்றைக்குப் பன்னாட்டு வழிகாட்டுதல்கள் வேகமாக, தாராளமாக என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். 2008இல் முடிவு வெளியானது. இறப்பில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் வேகமாக நீர் பெற்ற பிள்ளைகளிடம் இருபது நிமிடத்துக்குள்ளேயே கல்லீரல் வீங்குவது அதிகமாக இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்தக் கல்லீரல்தான். சிறு பிள்ளைகளின் இதயத்துக்கு வரும் ரத்தம் கூடி, இதயம் அதைத் தள்ள முடியாமல் திணறினால், தேங்கும் ரத்தம் முதலில் கல்லீரலில் நிரம்பும். வலது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்துத் தொட்டால் அதன் விளிம்பு இறங்கி வருவது தெரியும். நீர் ஏற்றத் தொடங்கும் முன் பேனாவால் ஒரு கோடு, ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் மீண்டும் விரல் வைத்துப் பார்த்தல். கோட்டைத் தாண்டி விளிம்பு இறங்கினால் நிறுத்து. கூடவே நாடி, மூச்சின் வேகம், நெஞ்சில் ஈரச் சத்தம். ஒரு பேனாவும் விரல்களும் போதும். ஒரு படுக்கையைச் சுற்றி நாலு குழந்தைகளின் பெற்றோர் நிற்கும் அரசு மருத்துவமனையில் செய்யக்கூடிய அறிவியல் இது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2011இல், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முடிவு எல்லோரையும் உலுக்கியது. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 பிள்ளைகள். வேகமாக நீர் பெற்றவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் ஏறக்குறைய 10.5 சதவீதம். அவசர நீர் எதுவும் பெறாமல் சாதாரணப் பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 7.3 சதவீதம். இதை வைத்து ‘குழந்தைக்கு நீரே கூடாது’ என்று கிளம்புபவர்களும் உண்டு, அது தவறு. வயிற்றுப்போக்கால் வற்றி வந்த பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. பலருக்கு மலேரியாவும் கடும் ரத்தசோகையும் இருந்தன, வென்டிலேட்டர் வசதி கிடையாது. வெளியே கொட்டிப்போன நீரைத் திருப்பித் தருவதும், நீர் எங்கும் போகாத ஷாக்கில் நீரைக் கொட்டுவதும் வேறு வேறு வேலைகள்.

கொட்டிப்போன நீருக்கு உதாரணம் தேட நாம் வெளியே போக வேண்டாம். 1992 அக்டோபரில் காலராவின் ஒரு புதிய வகை, பின்னால் ஓ139 என்று பெயர் பெற்றது, முதலில் தலைகாட்டியது அன்றைய மெட்ராஸில்தான். காலராவில் ஒரு பெரியவர் மணிக்கு ஒரு லிட்டர்வரை இழக்கலாம். அங்கே தயங்க நேரமில்லை. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். அந்த முகாமில் 30 சதவீதம்வரை இருந்த காலரா இறப்பு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வாயால் குடிப்பதில் ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. தாகம் தீர்ந்தால் நோயாளியே நிறுத்திவிடுவார். ஊசி வழியாக ஏறும் நீருக்கு அந்தக் காவல் கிடையாது.

அப்படியானால் இன்றைய அவசர சிகிச்சை மருத்துவர் எதைப் பார்க்கிறார்? கேள்வியை மாற்றிக்கொண்டார் என்பதுதான் பதில். ‘எவ்வளவு நீர் இருக்கிறது’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் கொடுத்தால் இதயம் அதை ஏற்று அதிக ரத்தத்தைத் தள்ளுமா’ என்று கேட்கிறார். இதயத் தசை ஓரளவு இழுபட்டால் பலமாகச் சுருங்கும், அளவு மீறி இழுபட்டால் பலன் நின்றுவிடும் என்பது ஒட்டோ ஃபிராங்க், எர்னஸ்ட் ஸ்டார்லிங் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். நோயாளி இந்த இரண்டில் எந்த நிலையில் இருக்கிறார் என்று அறிய ஓர் எளிய தந்திரம் உண்டு. சாய்ந்து உட்கார்ந்திருப்பவரைப் படுக்கவைத்து இரு கால்களையும் 45 டிகிரி தூக்க வேண்டும். கால் சிரைகளிலிருந்து சுமார் 300 மி.லி. ரத்தம் இதயத்துக்கு இறங்கும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் தள்ளும் ரத்தம் பத்து சதவீதம் கூடினால், நீர் கொடுத்துப் பார்க்கலாம். கூடாவிட்டால் கால்களை இறக்கிவிடலாம், ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. தள்ளும் அளவை அறியக் கருவி வேண்டும், ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்தால் துல்லியம் குறையும். தொடை எலும்பு முறிந்தவரிடம் இதைச் செய்ய முடியாது.

கருவி என்றதும் அல்ட்ராசவுண்ட். வயிற்றின் நடுவே ஓடும் பெருஞ்சிரை மெலிந்து, மூச்சை இழுக்கும்போது சப்பென்று ஒட்டிக்கொண்டால் நீருக்கு இடம் இருக்கலாம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தடித்து அசையாமல் நின்றால் இதயத்தின் வாசலில் நெரிசல். நுரையீரலில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் விழுந்தால் அங்கே நீர் சேர்ந்துவிட்டது. சிரையை மட்டும் நம்பினால் இதுவும் பழைய குழாயின் கதைதான், ஆரோக்கியமானவருக்கும் அது ஒட்டும். இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே பயன். நம் நாட்டில் இதற்கு ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் அது இருக்கும் வளாகத்தோடு சேர்த்துப் பதிவாக வேண்டும். நினைத்த இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. சட்டம் வந்த காரணம் நியாயமானது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. நெஞ்சையும் வயிற்றையும் பார்க்கக் கைக்கருவியை ஆம்புலன்ஸ்வரை கொண்டுபோகும் நாடுகளின் வேகம் மட்டும் இங்கே வரவில்லை. அவசர மருத்துவம் தனித்துறையாக இந்தியாவில் அங்கீகாரம் பெற்றதே 2009இல்தான்.

கருவி எதுவும் இல்லாவிட்டால் விரல் நுனி இருக்கிறது. நகத்தின்மேல் அழுத்தி, வெளுத்ததும் விட்டுவிட்டு, மீண்டும் சிவக்க எத்தனை விநாடி என்று எண்ணுவது. மூன்று விநாடிக்கு மேல் போனால் தோலுக்கு ரத்தம் போதவில்லை. தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு, விலை கூடிய லாக்டேட் பரிசோதனையை இலக்காக வைத்த சிகிச்சையோடு இந்த விநாடிக் கணக்கை ஒப்பிட்டது. 28 நாளில் இறந்தவர்கள் லாக்டேட் பிரிவில் 43.4 சதவீதம், விரல் பிரிவில் 34.9 சதவீதம். புள்ளியியல் கணக்கில் வித்தியாசம் உறுதிப்படவில்லை. ஆனாலும் விரல் தோற்கவில்லை என்பது உறுதி. ஏசியைக் கடுங்குளிரில் வைத்திருக்கும் அறையில் மட்டும் விரல் பொய் சொல்லும்.

ஆவடிச் சிறுமியிடம் திரும்புவோம். அவளுக்கு வந்திருப்பது டெங்கு. டெங்குவில் ஆபத்து காய்ச்சலின் உச்சத்தில் வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போது வருகிறது. 2017இல் தமிழ்நாட்டில் 23,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு உறுதியானது, 65 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு எல்லா வீடுகளிலும் பேச்சு ‘தட்டணு எவ்வளவு?’ என்பதாகவே இருந்தது. கேட்க வேண்டிய எண் வேறு. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பிசிவி. பிளாஸ்மா கசிந்தால் ரத்தம் கெட்டியாகும், பிசிவி ஏறும். இருந்த அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு கணிசமானது. அவளுடைய 90/72 என்ற எண்ணைப் பாருங்கள். மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 18. அந்த இடைவெளி 20க்குக் குறைந்தால், குழந்தை கண் திறந்து பேசிக்கொண்டிருந்தாலும், அது ஷாக்தான். அவளுக்கு நீர் வேண்டும், உடனே வேண்டும். ஆனால் கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான் நீடிக்கும். பிறகு குழாய் மூடிக்கொள்ள, வெளியே போன நீரெல்லாம் தானாகவே உள்ளே திரும்பும். அந்த நேரத்திலும் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரல் நிரம்பிவிடும். டெங்கு ஷாக்கைத் தாண்டிய பிள்ளை நீர்ப்பெருக்கத்தில் போவது, தடுத்திருக்கக் கூடிய சாவு.

பூந்தமல்லிக்காரருக்கு விடை அவர் கழுத்திலேயே இருக்கிறது. சாய்ந்து உட்காரவைத்துப் பார்த்தால் கழுத்துச் சிரை காதுவரை புடைத்திருக்கும். அவருக்குத் தேவை ஆக்சிஜன், இதயத்துக்கு வலுவூட்டும் மருந்து, அழுத்தம் தேறியதும் நீர் மாத்திரையின் ஊசி வடிவம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இந்த வகைதான். இரண்டு நாள் இடைவெளிக்கு மறுநாள் அவர்களிடம் இறப்பு கூடுகிறது என்பது அமெரிக்காவில் 2011இலேயே கணக்கிடப்பட்டது.

தொழிலாளிதான் மூவரில் எளியவர் என்று தோன்றும். அவருக்கு முதலில் பார்க்க வேண்டியது வெப்பமானி. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சும் குழறினால், அது வெப்ப மயக்கம் அல்ல, வெப்பத் தாக்கு. முதல் சிகிச்சை நீர் ஏற்றுவதல்ல, உடம்பில் குளிர்நீரைக் கொட்டி விசிறுவது. அதோடுதான் சலைன். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அப்போது தாராளமாகவே கொடுக்க வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் வெப்பப் பாதிப்பைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். உப்பளத் தொழிலாளர்களிடம் அவர்கள் கண்ட சிறுநீரகப் பாதிப்பு இதன் நீண்டகால முகம். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது.

பட்டறை வாசலில் விற்கும் இனிப்புப் பானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். இந்த விகிதம் மாறினால் குடல் நீரை உறிஞ்சுவது குறையும், சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். அந்த அளவைப் பின்பற்றாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடை விதித்தது. ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதற்குக் கிடைத்த பலன் அது.

உடம்புக்கு நீர் அளவுகோல் இல்லை என்று தொடங்கினேன். அதற்கு மிக அருகில் வரும் கருவி ஒன்று உண்டு, எடை பார்க்கும் தராசு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. வேலைக்கு முன் 62, வேலை முடிந்து 60 என்றால் போனது இரண்டு லிட்டர், சந்தேகமே வேண்டாம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தால் அது கொழுப்பல்ல, நீர். ஆனால் நேற்றைய எடை தெரியாவிட்டால் இன்றைய எடை வெறும் எண். அவசர சிகிச்சைப் பிரிவில் பெரும்பாலும் அந்த நேற்றைய எண்தான் கிடைப்பதில்லை. வீட்டில் இதய நோயாளியோ சிறுநீரக நோயாளியோ இருந்தால், தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவமனைக்கு ஓடும்போது அந்த நோட்டையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். கடைசியாகச் சிறுநீர் போனது எத்தனை மணிக்கு என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். பாட்டில் ஏற்றச் சொல்வதை மட்டும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.